காத்தாடிக் காட்டுக்கு மூன்று சர்வர்

தாராபுரம்
3 மார்ச் 2025

ஆல்வின் அவர்களுக்கு,

வணக்கம். மெயிலில் என் பெயரைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள்.

'அவர்களுக்கு' என்று எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாம். ஆனால் போன ஆடியில் கேண்டீனில் அத்தனை பேர் முன்னால், "உனக்கு முதுகெலும்பே இல்ல கயல், இங்கயே உக்காந்து கும்புடு போட்டுட்டு இரு" என்று சொல்லிவிட்டு டென்மார்க் போனவரை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. போனில் பேசினால் மறுபடியும் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுப் போன அந்த ஒற்றைச் சர்வர்தான் நம் கண்ட்ரோல் ரூமில் இன்னமும் ஓடுகிறது. காத்தாடிக் காடு முழுவதும் நிற்கிற அத்தனை காற்றாலை டவரும் சில நொடிக்கு ஒருமுறை தன் நிலைமையை ஒரு வரியாக எழுதி அனுப்புகிறது: காற்று எந்தப் பக்கம், இறக்கை என்ன வேகம், பிரேக்கைப் பிடித்திருக்கும் எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு. இந்த லாக் மொத்தமும் அந்த ஒரே பெட்டிக்குள் போய் விழுகிறது. காற்றில்லாத மாசியில் கேட்டதைத் தேடிக் கொடுக்கிறது. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கினால் லாக் பல மடங்காகும், கரண்டும் அப்போதுதான் குதிக்கும். நமக்கு எப்போது அவசியமோ சரியாக அப்போது படுத்துக்கொள்ளும்.

போன வருடம் பழுது பார்க்க அங்கப்பண்ணன் டவரில் ஏறின அன்றும் அப்படித்தான் ஆனது. அந்த டவரின் பிரேக் அழுத்தம் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. லாக்கில் அது இருந்தது. தேடும் திரைதான் சுற்றிக்கொண்டே நின்றது. சூப்பர்வைசர் ஏறச் சொன்னார். அண்ணன் மேலே போய் இறக்கையைப் பூட்டும் முளையைப் போடுவதற்குள் பிரேக் நழுவியது. தண்டு சுற்ற ஆரம்பித்ததும் பின்னால் தாவியவர் மேடையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

ஒரு சர்வர் போதாது என்று நீங்கள் அதற்கு முன்பே தொண்டை வற்றக் கத்தினீர்கள். யாரும் கேட்கவில்லை. கோபத்தில் கிளம்பினீர்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் ஏன் இங்கேயே இருந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. எல்லாரும் கிளம்பிவிட்டால், மேலே ஏறுகிறவர்களுக்குக் கீழே யார் உட்கார்ந்திருப்பது?

இப்போது முதலாளி அரங்கசாமி ஐயா புது மெஷின் வாங்க ஒத்துக்கொண்டிருக்கிறார். பல சர்வர்களைச் சேர்த்துக் கட்டுகிற கிளஸ்டரை எப்படித் திட்டமிடுவதென்று படித்தேன், வீடியோ பார்த்தேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நம் காற்றைப் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆனிக்குள் முடிக்க வேண்டும். உதவுவீர்களா?

கயல்விழி


ஆர்ஹுஸ்
10 மார்ச் 2025

கயல்விழி,

மெயில் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுதத் தாமதமானதற்கு வேலைதான் காரணம் என்று சொல்லலாம். பொய்யாக இருக்கும்.

கேள்விகள் மட்டும் கேட்கிறேன். ஆடியில் காற்று உச்சத்தில் இருக்கும் நாளில் எவ்வளவு லாக் வருகிறது? சராசரி வேண்டாம், உச்சம் வேண்டும். எவ்வளவு பழையது வரை தேடுகிறீர்கள்? ஐயா எத்தனை மெஷின் தருகிறார்? அவை எங்கே உட்காரும், எந்த மின்சார லைனில்? கடைசியாக, எது போனாலும் எது மட்டும் நிற்கக் கூடாது? இந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதுங்கள். அது தெரியாமல் போடுகிற திட்டமெல்லாம் மளிகைச் சீட்டு மாதிரிதான்.

கேண்டீன் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இந்த வேலை முடிந்த பிறகு பேசுவோம்.

ஆல்வின்

பின்குறிப்பு: அங்கப்பண்ணன் நடக்கிறாரா?


தாராபுரம்
16 மார்ச் 2025

ஆல்வின்,

நடக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தார், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. கண்ட்ரோல் ரூமில் என் பக்கத்து நாற்காலியில், அதாவது உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். (நீ என்றே வருகிறது. இனிமேல் மாற்றப் போவதில்லை, கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.) நாள் முழுக்க ஜன்னல் வழியே டவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மறுபடி ஏற வேண்டுமாம். டாக்டரும் சரி என்றுவிட்டார்.

போன வாரம் அவர் மனைவி பூவாத்தாக்கா நேரே கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார்.

"ஏனுங் அம்மணி, எங்கூட்டுக்காரரு மறுக்கா ஏறறேங்கறாரு. உங்க மிசினு காத்துக்கு நிக்குமுங்களா? அத மட்டும் சொல்லுங்க."

"இன்னும் நிக்காதுங்கக்கா" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்ப அது நிக்கற வரைக்கும் இவரு கீழயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த தூக்குப்போசியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே கச்சாயம். சண்டை போட வந்தவர் பலகாரத்தோடு வந்தது எனக்கு என்னவோ செய்துவிட்டது.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் அதுதான். ஆள் மேலே இருக்கும்போது தேடல் நிற்கக் கூடாது. படம், அறிக்கை, மாதக் கணக்கு எல்லாம் நின்றால் நிற்கட்டும்.

மற்ற கேள்விகளுக்கான பதிலைத் தனியாக இணைத்திருக்கிறேன். ஐயா இரண்டு மெஷின் தருகிறார். "ரெண்டு வாங்கிக்கலாமுங்க அம்மணி. ஒண்ணு போனா ஒண்ணு இருக்குதல்லங்க?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒன்றைக் கோயம்புத்தூர் ஆபீசில், காந்திபுரத்தில் வைத்தால் இங்கே இடி விழுந்தாலும் அது பிழைக்கும் என்று யோசித்தேன். தப்பா?

கயல்


ஆர்ஹுஸ்
22 மார்ச் 2025

கயல்,

இரண்டும் தப்பு.

முதலில் இடம். இந்த மெஷின்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தாராபுரத்துக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் ரோட்டோரம் ஒருவர் குழி தோண்டினால் பேச்சு அறுந்துவிடும். எல்லாம் நம் வளாகத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஆனால் ஒரே அறையில் வேண்டாம், ஒரே மின் லைனில் வேண்டவே வேண்டாம். காந்திபுரத்துக்குக் காப்புப் பிரதியை மட்டும் தினமும் அனுப்பு. ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு மெஷினில் நகல் இருக்கிறதே, காப்பு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கை தவறி ஒன்றில் அழித்தால் நகலிலும் அந்த நொடியே அழிந்துவிடும் என்று சொல்.

அடுத்தது எண்ணிக்கை. கிளஸ்டரில் ஒரு மெஷின் தலைமை ஏற்க வேண்டுமானால் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். இல்லையென்றால், நடுவில் ஒயர் அறுந்ததும் இரண்டும் 'நானே தலைவன்' என்று ஆளுக்கொரு கணக்கு எழுத ஆரம்பிக்கும். ஒரே டவருக்கு இரண்டு வரலாறு. அதைத் தடுக்கத்தான் ஓட்டு. இரண்டே மெஷின் வைத்தால் ஓட்டின் அதிகாரம் ஒன்றிடம் போய்ச் சேரும். அதிகாரம் இல்லாதது விழுந்தால் பிழைப்பாய். அதிகாரம் உள்ளது விழுந்தால், மற்றது நன்றாக இருந்தும் ஊமையாக நிற்கும். மூன்று இருந்தால் எது விழுந்தாலும் மீதி இரண்டு சேர்ந்து முடிவெடுக்கும்.

லாக் நேராகச் சர்வருக்குப் போகக் கூடாது. முன்னால் ஒரு வரிசை வை. சர்வர் திணறினால் வரிகள் அங்கே காத்திருக்கும், தொலைந்து போகாது.

மூன்றும் ஒரே அளவு, ஒரே திறன். இதில் குறைக்கச் சொன்னால் செய்யாதே. அரைகுறையாகச் செய்வதற்குச் செய்யாமலே விட்டுவிடலாம்.

பூவாத்தாக்கா கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன். இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

ஆல்வின்


தாராபுரம்
2 ஏப்ரல் 2025

ஆல்வின்,

'செய்யாமலே விட்டுவிடலாம்.' இந்த வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. உனக்கு அது சுலபம். நீ விட்டுவிட்டாய். நான் விட்டால் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு ஆடியைத் தாண்ட வேண்டும். முழுசாகக் கிடைக்காததால் பாதியையும் உதறுவது உன் வழக்கம். கிடைத்ததை வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பது என் வழக்கம். அதற்குப் பெயர் கும்பிடு இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கவுண்ட்ஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை ஐயாவின் மேசை மேலேயே வைத்து, கிளஸ்டராகக் கட்டி, போன வருட லாக்கை ஓடவிட்டேன். "ஐயா, உங்களுக்குப் புடிச்ச ஒண்ணுல ஒயரை உருவுங்க" என்றேன். இடப்பக்கத்தை உருவினார். தேடல் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேனல்ல" என்று சிரித்தார்.

அதைச் செருகிவிட்டு, அடுத்ததை உருவச் சொன்னேன். உருவினார். திரை அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் நின்றது.

"இதென்னுங்க அம்மணி? அதுக்கொரு ஞாயம், இதுக்கொரு ஞாயமா?"

"ரெண்டுன்னா அப்படித்தானுங்க. எது போவோணும்ங்கறத ஆடிக் காத்துதான் முடிவு பண்ணுமுங்க. நம்ம கையில இல்லீங்க."

உருவின ஒயரைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "அங்கப்பன் ஏறினன்னைக்கு நின்னது இப்படித்தானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ மூன்று கேட்டதைச் சொன்னேன். ஒயரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "மூணாவதும் இதே பெருசுதான் வேணுங்களா?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போது உன்னைக் கேட்கிறேன். மூன்றாவது மெஷின் லாக் எதையும் வைத்துக்கொள்ளாமல் ஓட்டு மட்டும் போடுகிற மாதிரி அமைக்கலாம் என்று படித்தேன். அதற்குச் சின்னப் பெட்டியே போதுமாம். லாக் முழுவதும் பெரிய மெஷின் இரண்டிலும் நகலோடு இருக்கும். இதை வைத்து ஆள் மேலே இருக்கும்போது தேடல் நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா? உன் மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

கயல்


ஆர்ஹுஸ்
6 ஏப்ரல் 2025

கயல்,

முடியும்.

உன் மெயிலைப் படித்துவிட்டு, முடியாது என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். வாரக் கடைசி முழுக்க இங்கே மூன்று மெஷின் கட்டி, ஒன்றை ஓட்டு மட்டும் போட வைத்து, மாற்றி மாற்றி விழவைத்துப் பார்த்தேன். எதை விழவைத்தாலும் தேடல் சில நொடி தடுமாறிவிட்டு எழுந்துகொண்டது. நீ சொன்னது சரி.

நிபந்தனை உண்டு. பெரிய மெஷின் இரண்டில் ஒன்று போனால் மற்றது ஆடி உச்சத்தைத் தனியாளாகத் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் அது பாதித் திறனில் சும்மா இருப்பது போலத் தெரியும். 'இவ்வளவு காலியாக இருக்கிறதே' என்று அதில் வேறு வேலையைத் தூக்கிப் போட வருவார்கள். விடாதே. டிஸ்க்கும் அப்படித்தான், நிறையவிடாதே. சின்னப் பெட்டிதானே என்று மூன்றாவதை அலட்சியமாக வைக்காதே. பெரியது ஒன்று விழுகிற நேரத்தில் அதன் ஓட்டுதான் மற்றதைக் காப்பாற்றும்.

இன்னொன்று. முதலாளி கையில் ஒயரைக் கொடுத்து உருவச் சொன்னவளைப் பார்த்து முதுகெலும்பு இல்லை என்று சொன்னவன் நான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ ஏன் இருந்தாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பதில் உன் முதல் மெயிலிலேயே இருந்தது.

ஆல்வின்


தாராபுரம்
29 மே 2025

ஆல்வின்,

நீ அனுப்பிய வரைபடத்தில் நான் கிறுக்கி, நான் கிறுக்கியதில் நீ கிறுக்கி, கடைசியில் ஒரு வழியாகக் கட்டி முடித்துவிட்டோம். ஒன்றைக் கண்ட்ரோல் ரூமில் வைத்தோம். இரண்டாவதை எதிரே குடோனில், தனி லைனும் ஜெனரேட்டரும் போட்டு வைத்தோம். ஓட்டுப்பெட்டி (எல்லாரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்) கேட் பக்கத்து வாட்ச்மேன் அறையில். நடுவில் ஒயர் போகக் கரிசல் மண்ணைத் தோண்டினோம். மறுநாளே மழை பெய்து, தோண்டின இடம் களியாகி, மனோஜ்குமாரின் செருப்பு ஒன்று உள்ளேயே போய்விட்டது. மனோஜ் நீ போன பிறகு சேர்ந்தவன், டவரில் ஏறுகிறவன்.

அத்தனை கவனமாக இருந்தும் முதல் வாரமே ஓட்டுப்பெட்டி காணாமல் போனது. திரையில் இரண்டுதான் தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், வாட்ச்மேன் அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போன் சார்ஜ் போட்டிருக்கிறார்!

"சும்மாதானுங் இருந்துது. ஒரு சத்தமுமில்ல, லைட்டுமில்ல" என்றார்.

திட்டத்தான் போனேன். ஆனால் பார், ஒன்று போயும் எதுவும் நிற்கவில்லை. மற்ற இரண்டும் தேடிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அவர் போனுக்குத் தனி பிளக் போட்டுக் கொடுத்துவிட்டு, நம் பிளக்கை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

போன வருட ஆடி லாக்கை மூன்று மடங்கு வேகத்தில் ஊற்றிப் பார்த்ததில் குடோன் மெஷின் மூச்சுத் திணறியது. அங்கப்பண்ணன், "இந்தக் கதவு தொறந்திருக்குன்னு வர்ற வரியெல்லாம் வீணுங்க, உள்ள உடாதீங்க" என்றார். தூக்கிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு டவரில் ஈரம் இறங்கி சென்சார் கெட்டது. கதவு மூடாததுதான் காரணம், அந்த வரியோ நம்மிடம் இல்லை. அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "இனி நான் சொல்றதயும் ஒருக்கா சோதிச்சுப் போட்டுச் செய்யுங்க" என்றார். எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிட்டு, பழையதைச் சீக்கிரம் காந்திபுரத்துக்குத் தள்ளிவிடுகிற மாதிரி மாற்றினேன். திணறல் நின்றுவிட்டது.

காற்று லேசாக ஆரம்பித்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது.

கயல்


ஆர்ஹுஸ்
1 ஜூன் 2025

கயல்,

பயம் இருக்கட்டும், நல்லது. ஆனால் நீயாகச் சோதித்தால் உனக்குத் தெரிந்ததைத்தான் சோதிப்பாய். இந்த வேலை தெரியாத ஒருவர் கையில் விடு. ஆள் யாரும் மேலே இல்லாத ஒரு காற்று நாளாகப் பார்த்து, எதைப் பிடுங்குவது என்று அவரே முடிவு செய்யட்டும். உனக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது.

காந்திபுரம் காப்பிலிருந்து ஒரு நாள் லாக்கைத் திருப்பி எடுத்துப் பார். திரும்ப வராத காப்பு காப்பே இல்லை.

இங்கே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில் அடிக்கிறது. ஆபீசில் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். நான் உன் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆல்வின்


தாராபுரம்
14 ஜூன் 2025

ஆல்வின்,

யாரை விட்டுப் பிடுங்கச் சொல்வது என்று கேட்டேன். "எங்கூட்டுக்காரிய விட்டா ஈவு இரக்கம் பாக்க மாட்டாளுங்க" என்றார் அங்கப்பண்ணன்.

பூவாத்தாக்கா வந்தார். கண்ட்ரோல் ரூம் மெஷினைச் சுற்றி ஒரு நடை, குடோனுக்கு ஒரு நடை, வாட்ச்மேன் அறைக்கு ஒரு நடை. நான் திரை முன்னால் உட்கார்ந்து, விடாமல் தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் காலடியிலேயே டப்பென்று சத்தம். எங்கள் அறை மெஷினின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்! தலைமை அப்போது அதனிடம்தான் இருந்தது. திரை மங்கியது. நான் மூச்சு விடுவதற்குள் குடோன் மெஷின் தலைமை ஏற்று, கேட்டதைக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

"இது எந்த டவருங்?" என்று திரையில் விரலை வைத்தார் அக்கா. சொன்னேன். "இந்த நெம்பரு எறங்குனா ஆபத்துங்களா?" ஆமாம் என்றேன். ஒவ்வொரு டவராகக் கேட்டார். மெஷின் அணைந்தேதான் கிடந்தது. கேட்டதெல்லாம் வந்தது.

கடைசியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

"செரி. ஏறுங்க" என்றார்.

அவ்வளவுதான். அண்ணன் வெளியே போய் டவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்கள் யாருக்கும் முகத்தைக் காட்டவில்லை.

காந்திபுரம் காப்பு சுத்தமாகத் திரும்ப வந்தது.

கயல்


தாராபுரம்
20 ஜூலை 2025

ஆல்வின்,

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை அங்கப்பண்ணனும் மனோஜும் ஆற்றோரத்து டவரில் ஏற வேண்டியிருந்தது. ஏறுமுன் தேடினேன். எல்லாம் சுத்தம். இரண்டு பேரும் உள் ஏணியில் பாதி உயரம் போயிருப்பார்கள், மேற்கே கறுத்துக்கொண்டு காற்று ஒரே தூக்காகத் தூக்கியது. கரண்ட் இரண்டு தடவை குதித்தது. குடோன் பக்கம் இடி மாதிரி ஒரு சத்தம். லைனில் வந்த அதிர்ச்சி ஜெனரேட்டர் சுவிட்சை எரித்துவிட்டது. குடோன் மெஷின் போய்விட்டது. அத்தனை டவரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. இதுவரை நான் பார்க்காத லாக் வெள்ளம். போன வருடம் திரை சுற்றிக்கொண்டு நின்றது இதே மாதிரி நேரத்தில்தான்.

நேற்றுச் சுற்றவில்லை. மஞ்சளாக ஒரு எச்சரிக்கை காட்டியது: ஒரு நகல் குறைகிறது, அவ்வளவுதான். நான் அவர்கள் டவரை மட்டும் தேடினேன். பிரேக் அழுத்தம். ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் குறைவு. டவர் தானாக மணி அடிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் இறங்கிக்கொண்டே இருந்தது. வாக்கி-டாக்கியை எடுத்தேன்.

"அண்ணா, எறங்குங்க."

"ஏனுங் அம்மணி? மேல வந்துட்டோமுங்க. இன்னும் பத்துப் படிதான். இங்க ஒண்ணுமே தெரியலீங்க."

"அழுத்தம் எறங்குதுங்ணா. மேல போவ வேண்டாம். ரெண்டு பேரும் எறங்குங்க."

கரகரப்பு மட்டும் கேட்டது. மேலே போய் முளையைப் போட்டுவிடலாம் என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவர் அப்படிப்பட்டவர்தான். அப்புறம், "மனோசு, திரும்புடா" என்ற குரல் கேட்டது.

அவர்கள் இறங்கி முடிக்கிற வரை நான் தேடிக்கொண்டே இருந்தேன். கீழ்க் கதவைத் திறந்து வெளியே வந்து, டவரை விட்டு விலகி, சோளக்காட்டு வரப்புக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து அண்ணன் வாக்கியில் பேசினார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அம்மணி, இறக்க சுத்துதுங்க."

பிரேக் நழுவிவிட்டது. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. மேலே யாரும் இல்லை.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐயா வந்து பின்னால் நின்றிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அவரே போய் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார்.

சாயங்காலம் காற்று தணிந்ததும் குடோன் மெஷினை உயிர்ப்பித்தோம். விட்டுப்போன வரிகளையெல்லாம் கண்ட்ரோல் ரூம் மெஷினிடம் கேட்டு வாங்கி அதுவாகவே நிரப்பிக்கொண்டது. ஒரு வரிகூடத் தொலையவில்லை.

அண்ணன் இன்றைக்குக் காலையில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஆல்வினுக்குச் சொல்லிப் போட்டீங்களா?" நீ அவரோடு பேசியே ஒரு வருடம் ஆகிறது. அவர் உன்மேல் வருத்தமாக இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருந்தால், அது இல்லை. போன் நம்பர் கீழே இருக்கிறது.

ஐயா உடுமலை பக்கம் புதிதாக ஒரு காத்தாடிக் காடு எடுத்திருக்கிறார். அங்கேயும் இதே மாதிரி வேண்டுமாம். "ஆல்வின் ஒருக்கா வந்து பாத்துத் தந்தா நல்லாருக்குமுங்க. கேட்டுப் பாருங்க அம்மணி" என்றார். கேட்டுவிட்டேன்.

கயல்


ஆர்ஹுஸ்
27 ஜூலை 2025

கயல்,

நான் வேலை செய்யும் இடத்தில் சத்தமாக அழுகிற பழக்கம் யாருக்கும் இல்லை. உன் மெயிலைப் படித்துவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

நேற்று அங்கப்பண்ணனுக்குப் போன் போட்டேன். நம்பரை அழுத்துவதற்கு முன் என்ன பேசுவதென்று மனசுக்குள் நிறைய எழுதி வைத்திருந்தேன். எதையும் அவர் பேசவிடவில்லை. "ஏனுங்க ஆல்வினு, அங்கத்துக் காத்து எப்படீங்க? நம்மூரு மாதிரி சுழட்டுதுங்களா?" என்று கேட்டார். இங்கே காற்று கடல் மேலிருந்து நேராக வரும், அவ்வளவாகச் சுழலாது என்றேன். "அப்ப ஏறறது சுலபமல்லங்க" என்றார். இங்கே டவருக்குள் லிஃப்ட் இருக்கிறது என்றதும் நம்பவே இல்லை. நான்கைந்து தடவை சிரித்தார். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை என்று பேசி முடிக்கும்போதுதான் தெரிந்தது.

அப்புறம் போனைப் பூவாத்தாக்காவிடம் கொடுத்தார்.

"கண்ணு, நல்லாருக்கீங்களா? எப்ப வாரீங்க?"

யோசிக்கவே இல்லை. "பொரட்டாசில வாரேனுங்கக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். டிக்கெட் போட்டுவிட்டேன். வேலையை விட்டு வரவில்லை, மூன்று வாரத்துக்கு வருகிறேன். ஐயாவிடம் சொல்லிவிடு. கிணத்துக்கடவில் இருக்கும் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே மெத்தையை வெயிலில் காயப்போட்டுவிடுவார்.

உடுமலையில் எதையும் முடிவு பண்ணி வைக்காதே. எந்த மெஷின் எங்கே, எந்த லைன், எத்தனை, எல்லாம் அந்த மண்ணில் நின்று பார்த்துச் சொல்கிறேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். அதனால்தான் நேரில் வருகிறேன்.

ஆல்வின்